பதினாறுக்குப் பதினாறு

மாமாவின் பிரிட்ஜ் கதவில் லூர்து மாதா காந்தம் ஒன்று இருக்கிறது. மாதாவின் முக்காட்டில் ஒரு மூலை உடைந்து, நீலத்துக்குள்ளிருந்து வெள்ளை தெரியும். அந்தக் காந்தத்தின் கீழே ஒரு தாள். நான் பாரிசுக்குப் பக்கத்தில், திரான்சியில் இருக்கிற மாமாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்த முதல் நாள், மாமா எனக்கு முதலில் காட்டியது படுக்கிற இடத்தை இல்லை, அந்தத் தாளைத்தான். எங்கள் பள்ளிக்கூடத்து அதிபர் அனுப்பிய, பதினோராம் வகுப்பு முடிவில் எழுதுகிற சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு. பதினாறு பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கு நேரேயும் ஏ, பி, சி, எஸ் என்று எழுத்துகள். அடியில், தோற்றியோர் பதினாறு, சித்தியடைந்தோர் பதினாறு, நூறு வீதம். அந்த நூறு வீதத்தின் மேல் மாமா மஞ்சள் மை பூசியிருந்தார். பயணக் களைப்பில் கண் எரிந்தாலும் பெயர்களை மேலிருந்து கீழ்வரை வாசித்தேன். எல்லாரும் என்னோடு ஒரே வகுப்பில் இருந்தவர்கள். என் பெயர் அதில் இல்லை. மாமா என் முகத்தைப் பார்த்தார். "நீயும் எழுதியிருக்கலாம், பிள்ளை" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சோறு சூடாக்கக் குசினிப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவர் அம்மாவின் தமையன். முப்பது வருடத்துக்கு முன்னம் பிரான்சுக்கு வந்தவர். ஒரு பிரெஞ்சுச் சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவத் தொடங்கி, பிறகு அங்கேயே சமையலுக்கு ஏறியவர். மாமி காலமாகி நாலு வருடம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் அவர் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஊரே இடம்பெயர்ந்தது. அதற்குப் பிறகு அவர் எந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ளும் போகவில்லை. அதனாலோ தெரியாது, பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னால் அவருடைய குரல் மாறும். பழைய மாணவர் சங்கத்தின் பிரான்ஸ் கிளைக்கு அவர்தான் செயலாளர். பாரிசில் தமிழ்க் கடைகள் இருக்கிற லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் கூட்டம் நடக்கும். கூட்டத்துக்குப் போகிற நாளில் மட்டும் அவர் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போவார்.

பள்ளிக்கூடத்தின் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே இப்போதும் பிள்ளைகள் படிக்கிறார்கள். எங்கள் மாவட்டம் சின்னது. வயலும் குளமும் நீளத்துக்குக் காடும். பரீட்சைப் பெறுபேறு வருகிற நாளில் மற்ற மாவட்டத்துக்காரர் பட்டியலை மேலிருந்து வாசிப்பார்கள். நாங்கள் கீழிருந்து வாசிக்கப் பழகியவர்கள். எங்களுக்கு அதில் பெரிய வெட்கம்கூட இருக்கவில்லை. மழை வராத வருடம் மாதிரி அதுவும் ஒன்று என்று இருந்தோம். பத்தாம் வகுப்பில் எங்களுக்குக் கணிதம் படிப்பித்த சேர் இரண்டாம் தவணையோடு இடமாற்றம் எடுத்துக்கொண்டு நகரத்துக்குப் போய்விட்டார். அவருக்குப் பதிலாக யாரும் வரவில்லை. கணித பாடம் வந்தால் சமய ரீச்சர் வந்து எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்வார். பதினோராம் வகுப்பில் வந்த புது சேர் அட்சரகணிதத்தில் தொடங்கினபோது, எங்களில் பாதிப் பேருக்குப் பின்னத்தையே கூட்டத் தெரியாது. தவணைப் பரீட்சையில் நான் எடுத்தது இருபத்தெட்டு. எனக்குப் பின்னுக்கு இருந்தவளுக்குப் பதினொன்று. இருவரும் தாளை மடித்துக் கொப்பிக்குள் வைத்துக்கொண்டு சிரித்தோம்.

அந்த வருடம்தான் பிரான்ஸ் கிளையிலிருந்து கடிதம் வந்தது. இந்த முறை சாதாரண தரம் எழுதுகிற எல்லாரும் சித்தியடைந்தால் பள்ளிக்கூடத்துக்கு ஒரு மண்டபம் கட்டித் தருவோம் என்று. அதைக் கூட்டத்தில் முன்மொழிந்தவர் மாமா. ஊக்கம் கொடுத்தால் பிள்ளைகள் விழுந்து விழுந்து படிப்பார்கள் என்று அவர் நினைத்தார். அவர் வேலை செய்கிற கடையில் புதிதாக வந்த பெடியளிடம், இன்றைக்கு ஒரு கோப்பையும் உடையாவிட்டால் எல்லாருக்கும் கேக் என்று முதலாளி சொல்வாராம், அன்றைக்கு ஒன்றும் உடையாதாம். அந்தக் கணக்குத்தான் அவருக்குத் தெரிந்த கணக்கு.

அதிபர் கெட்ட மனிதர் இல்லை. அதை எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம். மாதத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்துக்குக் கூட்டத்துக்குப் போய்வந்தால் அடுத்த நாள் முழுக்க அவர் யாருடனும் கதைக்க மாட்டார். அங்கே கடைசியில் நிற்கிற பள்ளிக்கூடங்களை ஒவ்வொன்றாக வாசிப்பார்கள் என்று எங்களுக்குத் தெரியும். கணிதத்தில் தேற மாட்டோம் என்று அவர் கண்ட எங்கள் ஏழு பேருடைய அம்மாமாரையும் ஒரு பின்னேரம் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். பால் தேத்தண்ணியும் பிஸ்கட்டும் கொடுத்தார். எங்கள் அம்மா அந்த அலுவலகத்தில் அதற்கு முன் இருந்ததே இல்லை, எப்போதும் வாசலில் நின்று கதைத்துவிட்டு வருகிறவர். பிள்ளைகள் இந்த வருடம் எழுத வேண்டாம், அடுத்த வருடம் வெளியில் நின்று தனிப்பட்ட பரீட்சார்த்தியாக எழுதட்டும், அப்படி எழுதினால் பள்ளிக்கூடத்துக் கணக்கில் வராது, நிதானமாகப் படிக்கவும் நேரம் கிடைக்கும் என்று அவர் சொன்னாராம். பிறகு மண்டபத்தைப் பற்றியும் சொன்னாராம். அவர் நீட்டிய தாளில் அம்மா கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து அம்மா என்னைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த்தான் சொன்னார். எனக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. கணிதம் எழுதத் தேவையில்லை. அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு என் தோளைப் பிடித்துச் சொன்னது இப்போதும் காதில் இருக்கிறது.

"மாமாவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. அவர் கேட்ட மண்டபம். உன்னாலை நிண்டுபோச்சு எண்டும் வேண்டாம், உன்னை நிப்பாட்டித்தான் வந்தது எண்டும் வேண்டாம். மனுசன் உடைஞ்சுபோவார்."

மாமாவுக்குப் போன கதை, பிள்ளைக்குப் படிப்பில் விருப்பமில்லை என்பது.

பரீட்சை எங்கள் பள்ளிக்கூடத்திலேயே நடந்தது. மணி அடித்தால் வீடுவரை கேட்கும். முதல் நாள் காலை அந்த மணி அடிக்கும்போது நான் என் பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையை நீலம் போட்ட தண்ணீரில் அலசிக்கொண்டு இருந்தேன். அதை அயலில் ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதாக அம்மா சொல்லியிருந்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது, இனி அந்தச் சட்டை எனக்கில்லை என்று. கையைத் தண்ணீரிலிருந்து எடுக்காமல் நின்றேன். அடுத்த வருடம் வெளியில் நின்று எழுதுவது என்பதெல்லாம் சொல்லுக்குத்தான். ஏழு பேரில் ஒருவரும் எழுதவில்லை. நான் தையல் தொழிற்சாலைக்குப் போனேன். மண்டபம் எழும்பியது. திறப்பு விழாப் படங்களை மாமா எங்களுக்கே வாட்ஸ்அப்பில் திருப்பி அனுப்பினார்.

இங்கே வந்த பிறகு எத்தனையோ தரம் வாய்வரை வந்தது. அவர் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு பாணுக்குப் பட்டர் பூசுவார். வீட்டுக்கு வருகிற எல்லாருக்கும் காட்டுவார். கரண்ட் மீட்டர் பார்க்க வந்த பிரெஞ்சுக்காரனுக்கும் காட்டினார். அவன் அது மாமாவின் பிள்ளைகளுடையது என்று நினைத்து, பதினாறு பெயரையும் பார்த்துவிட்டுக் கையைக் கொடுத்தான். மாமா சிரித்துக்கொண்டே கையை வாங்கினார். அவரிடம் நான் எதைச் சொல்ல?

சொன்னேன். போன வருடம்தான். லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவில் நான் வேலை செய்கிற மரக்கறிக் கடையில் பிரெஞ்சு தெரிந்தால் கல்லாவில் விடுகிறோம் என்றார்கள். வகுப்பில் சேர மாமா என்னைக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருந்த பெண் படிவத்தை நிரப்பிக்கொண்டு, டிப்ளோம், அதாவது படித்த சான்றிதழ், என்ன இருக்கிறது என்று கேட்டாள். மாமா எனக்காகப் பதில் சொல்ல வாயைத் திறந்து, பிறகு என்னைப் பார்த்தார். நான் ஒன்றுமில்லை என்றேன். அவள் ஒரு கோடு இழுத்தாள். பேனையால் ஒரு சின்னக் கோடு. வெளியே வந்ததும் மாமா சொன்னார், "எழுதியிருந்தா இண்டைக்கு ஒரு பேப்பர் கையிலை இருந்திருக்கும். அந்த முறை எங்கட பள்ளிக்கூடத்திலை எழுதின ஒருத்தரும் பெயிலில்லை. நீயும் பாஸ்தான். பஞ்சிப்பட்டனி."

சோம்பேறி என்கிற மாதிரி அந்தப் பஞ்சி என்ற சொல்தான் என்னைக் கிளப்பியது. கோபத்தில் அழுகையும் வந்தது. தெருவென்றும் பார்க்காமல் சொன்னேன். "நான் பஞ்சிப்படேல்லை, மாமா. எங்களை எழுத விடேல்லை. ஏழு பேரை வெட்டிப்போட்டுத்தான் உங்கட நூறு வீதம் வந்தது. உங்கட மண்டபத்துக்குத்தான் வெட்டினவை."

அவர் அதே இடத்தில் நின்றார். நடக்கத் தொடங்கினோம். லா சப்பலில் ஒரு தேத்தண்ணிக் கடைக்குள் போய் இருந்தோம். இரண்டு பிளேன்ரீ வந்தது. அவர் சீனியைப் போட்டுக் கலக்கிக்கொண்டே இருந்தார், குடிக்கவில்லை. அம்மாவுக்கு இது தெரியுமா என்று கேட்டார். ஓம் என்றேன். அவர் தலையை ஆட்டினார். பிறகு என்னிடம் பெயர்களைச் சொல்லச் சொன்னார். அன்று இரவுச் சாப்பாட்டுக்கு முன்னம் பிரிட்ஜிலிருந்து அந்தத் தாளை எடுத்து, மறுபக்கத்தில் நான் சொன்ன ஏழு பெயரையும் எழுதினார். எட்டாம் வகுப்போடு நின்ற கையெழுத்து, பெரிய பெரிய எழுத்து. என் பெயரைக் கடைசியில் எழுதினார். எழுதிவிட்டு அந்தப் பக்கம் வெளியே தெரியும்படி மாதாவின் கீழே திரும்ப வைத்தார். பெறுபேறு பிரிட்ஜ் கதவைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிட்டது.

அடுத்த கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். நான் பின்கதிரையில் இருந்தேன். மாமா எழும்பி, நாங்கள் போட்ட நிபந்தனை பிழை, அந்த வருடம் வகுப்பில் இருந்தது இருபத்துமூன்று பேர், இனிப் பெறுபேறு கேட்டுப் பரிசு கொடுக்கக் கூடாது, கணிதத்துக்கு ஒரு ஆளைப் போட வழி பார்க்க வேண்டும் என்று சொன்னார். அவருக்கு மேடைப்பேச்சு வராது, இரண்டு தரம் தொண்டையைச் செருமினார். தலைவர் பொறுமையாகத்தான் இருந்தார். "அண்ணை, உதை இப்ப கிண்டி என்ன பிரயோசனம்? மண்டபம் நிக்குது தானே" என்றார். யாரோ பக்கத்திலிருந்து, "மருமோள் பெயிலானதுக்கு நாங்களே பொறுப்பு?" என்றார்கள். இரண்டொருவர் சிரித்தார்கள்.

"அவள் பெயிலாகேல்லை, தம்பி" என்றார் மாமா. "பெயிலாகவும் விடேல்லை. அதுதான் கதை."

அதற்குப் பிறகு அங்கே வடையும் தேத்தண்ணியும் வந்தது. கோடைக்கால ஒன்றுகூடலுக்கு எந்தப் பூங்கா என்று கதைத்தார்கள். மாமா அந்த மாதத்தோடு செயலாளர் வேலையை விட்டார். பிறகு அவர் சட்டையை உள்ளே விட்டதை நான் காணவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ரெலிபோனோடு குசினி மேசையில் இருப்பார். ஊரில் அப்போது பின்னேரம். அம்மாவிடமும் வேறு ஆட்களிடமும் கேட்டு ஒவ்வொரு இலக்கமாக எடுத்தார். மன்னிப்புக் கேட்பதற்கு. முதலில் எடுத்தது உழவு மெசின் ஓட்டுகிற ஒருவனுக்கு. "தம்பி, நான் பிரான்சிலையிருந்து கதைக்கிறன்" என்று தொடங்கியதுமே, சம்பந்தம் பேசுகிறார் என்று நினைத்த அவன், "அங்கிள், எனக்குக் கலியாணம் முடிஞ்சுது" என்றான். மாமா சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். அந்தக் குசினியில் நாங்கள் கடைசியாகச் சேர்ந்து சிரித்தது அது என்று நினைக்கிறேன். அடுத்தவள் ஏமாற்றுக்காரர் என்று பயந்து இரண்டு தரம் கட் பண்ணினாள், நான் வாங்கிக் கதைத்த பிறகுதான் நம்பினாள். நம்பிய பிறகு அவள் சொன்னது, "பரவாயில்லை அங்கிள், எனக்குத்தான் படிப்பு வராதே. நீங்கள் ஏன் கவலைப்படுறீங்கள்?" அவளுக்குத் தவணைப் பரீட்சையில் பதினொன்று. என்னோடு சேர்ந்து தாளை மடித்துவைத்துச் சிரித்தவள். மாமா ரெலிபோனை வைத்துவிட்டு அன்று பின்னேரம் முழுக்க அந்தக் கதிரையை விட்டு எழும்பவில்லை. ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

ஒருவன் ஏசினான்தான். அவனுடைய தங்கச்சி அந்த மண்டபத்தில் பரிசு வாங்கியிருக்கிறாள். "எல்லாரும் உள்ளை இருந்தவை. நான் வெளியிலை நிண்டு யன்னலாலை பாத்தனான். அதுக்குள்ளை காலெடுத்து வைக்க எனக்கு மனம் வரேல்லை" என்றான். மாமா ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கதைத்து முடிந்ததும் எழும்பிப் போய் அவன் பெயருக்கு நேரே ஒரு சரி போட்டார். சுவரிலும் கதவிலும் வைத்து எழுதினால் பேனை எழுதாது. ஒவ்வொரு தரமும் தாளை எடுத்து மேசையில் வைத்துச் சரி போட்டுவிட்டுத் திரும்பவும் மாதாவின் கீழே வைப்பார்.

இப்படி ஐந்து பெயருக்குச் சரி விழுந்தது. ஆறாவது பெடியனைக் காணவில்லை. கொழும்பில் என்றார்கள், பிறகு மத்திய கிழக்கில் என்றார்கள். நான் ஒருநாள் பகிடியாகக் கேட்டேன், என்னுடையதை எப்போது போடுவீர்கள் என்று. அவர் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே சொன்னார்.

"உன்ரை கடைசி, பிள்ளை. அதுக்கு ரெலிபோன் வேண்டாம் தானே."

நான் விட்டுவிட்டேன். உண்மையில் எனக்கும் அவசரம் இருக்கவில்லை. ஒரே வீட்டில் இருக்கிறோம், ஒரே பிரிட்ஜைத் திறக்கிறோம், எங்கே போய்விடப் போகிறது என்று இருந்தேன்.

அவர் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை. திரான்சி ஸ்டேஷனில் வேலைக்கு ரயில் பார்த்துக்கொண்டு இருக்கையில் இருந்தவர், இருந்தபடியே. நித்திரை என்று நினைத்து இரண்டு ரயில் வந்து போகும்வரை ஒருவரும் தொடவில்லையாம். நான் கடையில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்தபோது ரெலிபோன் வந்தது. பிரெஞ்சில் சொன்னார்கள். எனக்கு விளங்குகிற அளவுக்குப் பிரெஞ்சு வந்திருந்தது. அந்தப் பிரெஞ்சு வகுப்பில் என்னைச் சேர்த்துவிட்டவர் அவர்தான்.

இதயம் என்றார்கள் டொக்டர்மார். கனநாளாகவே பலவீனமாக இருந்திருக்கும் என்றும் சொன்னார்கள். ஆனால் சங்கத்து ஆட்கள் செத்தவீட்டில், அண்ணை கடைசி வருடம் மனமுடைந்துபோனார் என்று தங்களுக்குள் கதைத்தது எனக்குக் கேட்டது. அம்மாவிடம் ரெலிபோனில் சொன்னபோது அவர் கனநேரம் அழுதார். அழுது முடிய ஒன்றுதான் கேட்டார். "சொல்லாதை எண்டு சொன்னனான் தானே?" அதற்குப் பிறகு அம்மா அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு அந்த ஒரு தரம் போதும்.

நான் சொல்லாமல் விட்டிருந்தால் அவர் மஞ்சள் மை பூசிய நூறு வீதத்தைப் பார்த்துக்கொண்டு பாண் சாப்பிட்டிருப்பார். மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும் காட்டியிருப்பார். ஒரு மனிசனிடம் இருந்த ஒரேயொரு பெருமையை, தெருவில் நின்று கோபத்தில் நான் பறித்தேன். சில நாள் இப்படி நினைத்து நித்திரை வராது. வேறு சில நாள், அந்த ஏழு பேருக்குச் செய்தது பற்றி இன்றுவரை ஒருவர்கூட, அதிபரோ எங்கள் அம்மாமாரோகூட, பிழை என்று சொல்லவில்லை, சொன்னது இவர் ஒருவர்தான் என்று நினைப்பேன். இரண்டில் எது சரி என்று எனக்குத் தெரியாது. படித்தவர்களுக்குத் தெரியுமோ என்னவோ.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து தலைவர் வீட்டுக்கு வந்தார். நினைவு மலர் அடிக்கிறோம், மாமா காலத்து நூறு வீதப் பெறுபேற்றைப் போட வேண்டும், அந்தத் தாளைத் தா என்றார். என்னையும் நாலு வரி எழுதித் தரச் சொன்னார். நாலு வரியில் எனக்கு அடங்கவில்லை, அதுதான் இது. தலைவர் தாளைப் பார்த்துவிட்டுக் காந்தத்தை எடுத்து, பெறுபேறு இருந்த பக்கத்தைத் திருப்பிப் படம் பிடித்தார். போகும்போது அப்படியே பெறுபேறு வெளியே தெரிய வைத்துவிட்டுப் போனார். நான் இரண்டு நாள் அதைத் திருப்பவில்லை. மஞ்சள் மை மங்கவே இல்லை. அந்த இரண்டு நாளும் மாமா வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்று இருந்தது.

மூன்றாம் நாள் ஆறாவது பெடியனின் இலக்கம் கிடைத்தது. கட்டாரில் கட்டட வேலை. நான்தான் எடுத்தேன். மாமா சொல்கிற மாதிரியே, பிரான்சிலிருந்து கதைக்கிறேன் என்று தொடங்கி, அவர் சொல்லச் சொல்லக் கேட்டுப் பழகிய எல்லாவற்றையும் சொன்னேன். அவன் எல்லாம் கேட்டுவிட்டு, அவர் ஏன் கதைக்கவில்லை என்று கேட்டான். அவர் போய் ஒரு மாதம் ஆகிறது என்று சொன்னேன்.

பிறகு தாளை எடுத்து மேசையில் வைத்தேன். ஆறாவது பெயருக்கு நேரே சரி போட்டேன். மாமா போட்டதைவிடக் கோணலாக விழுந்தது. இப்போது அது திரும்பவும் பிரிட்ஜ் கதவில், மூலை உடைந்த மாதாவின் கீழே, ஏழு பெயரும் வெளியே தெரிய இருக்கிறது. ஆறு சரி. கடைசிப் பெயருக்கு நேரே ஒன்றும் இல்லை. காலையில் பட்டர் எடுக்கக் கதவைத் திறக்கும்போது அதைப் பார்க்கிறேன். பேனை மேசையில்தான் கிடக்கிறது. ஆனால் அதை நான் போட ஏலாது.